மாத்திரைக்கு முன் ஒரு கேள்வி

மறதி நோய் என்று நாம் எளிதாகச் சொல்லும் டிமென்ஷியா, மறதியோடு நின்றுவிடுவதில்லை. கத்துதல், அடிக்க வருதல், இரவெல்லாம் நடத்தல், குளிக்க மறுத்தல் எனப் பல நடத்தை மாற்றங்களும் உடன் வருகின்றன. முதியோர் இல்லங்களில் இவற்றை அடக்க மாத்திரையையே முதலில் நாடுவது சரிதானா என்பதை இக்கட்டுரையில் ஆராய விழைகிறேன்.

பாட்டி சொன்ன சொல்

இக்கேள்வியை என்னுள் எழுப்பியவர் என் பாட்டி. இல்லத்தில் சேர்த்தபோது அவருக்குத் தெரிந்திருந்த மலாய் மறந்துபோய், தமிழ் மட்டுமே எஞ்சியிருந்தது. பராமரிப்பாளர்களுக்கோ தமிழ் தெரியாது. அவர் கத்துகிறார், கையைத் தட்டிவிடுகிறார் என்று மாத்திரை தொடங்கப்பட்டது. அடுத்த வாரம் சென்று பார்த்தேன். பாட்டி அமைதியாகத்தான் இருந்தார். சோற்றை வாயில் வைத்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார். விழித்ததும், "கடுக்குதுய்யா" என்றார். சிறுநீரைப் பரிசோதித்ததில் கிருமித்தொற்று இருந்தது. அதற்குச் சிகிச்சை அளித்ததும் கத்தல் தணிந்தது. மாத்திரையை மருத்துவர் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார்.

மருந்தின் விளைவு

இத்தகைய மாத்திரைகள் மனச்சிதைவு போன்ற நோய்களுக்கென உருவானவை. ரிஸ்பெரிடோன், ஹாலோபெரிடோல் ஆகியன எடுத்துக்காட்டுகள். டிமென்ஷியா நோயாளிகளுக்கு இவற்றால் கிடைக்கும் பலன் சிறிது. கீழே விழுதல், பக்கவாதம் முதலிய ஆபத்துகளோ பெரிது. இவ்வகையின் புதிய மருந்துகள் டிமென்ஷியா முதியோரின் மரண வாய்ப்பைச் சுமார் 1.6 மடங்காக்குவதாக அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2005-இல் எச்சரித்தது. 2008-இல் பழைய மருந்துகளும் அவ்வெச்சரிக்கையில் சேர்க்கப்பட்டன. பேராசிரியர் சுபே பானர்ஜி 2009-இல் பிரிட்டிஷ் அரசுக்கு அளித்த அறிக்கையின் மதிப்பீடு இது: ஆண்டுக்கு 180,000 டிமென்ஷியா நோயாளிகள் இவற்றை உட்கொண்டனர், பயன்பெற்றோர் 36,000 பேர் வரை மட்டுமே, கூடுதல் மரணங்கள் 1,800.

காரணம் தேடுதல்

அப்படியானால் மாற்றுவழி என்ன? 2011-இல் வெளியான நார்வே ஆய்வு ஒன்று 18 இல்லங்களில் 352 பேரிடம் நடத்தப்பட்டது. ஒரு பிரிவினருக்குப் பாரசிட்டமோல் தொடங்கிப் படிப்படியாக வலி மருந்து தரப்பட்டது. எட்டே வாரத்தில் அவர்களின் கிளர்ச்சி 17 விழுக்காடு குறைந்தது. அவர்களுள் பலர், வலியைச் சொல்லத் தெரியாமல் நடத்தையால் காட்டியிருக்கிறார்கள். வலி மட்டுமன்று, மலச்சிக்கல், பசி, இரைச்சல், தனிமை, அறியாத கை திடீரெனத் தொடுவது ஆகியவையும் காரணமாகலாம்.

மருந்தே கூடாது என்பதன்று. தமக்கோ பிறருக்கோ தீங்கு நேருமெனில் அது தேவைப்படலாம். அப்போதும் குறைந்த அளவில், குறுகிய காலத்திற்குத் தந்து, மறுஆய்வு செய்ய வேண்டும். குடும்பத்தார் தாமாகவே அதை நிறுத்துவதும் தவறு.

நம் பங்கு

கடுக்குது, குத்துது, குடையுது, இழுக்குது: நான்கும் வலியைக் குறிக்கும் சொற்கள் என்று மலாயில் எழுதி, பாட்டியின் கட்டிலருகே ஒட்டினேன். இப்போது தாதியர் அதைப் பார்த்து, எங்கே வலி என்று தொட்டுக் கேட்கிறார்கள். இல்லங்களில் நம் முதியோர் பலர் உள்ளனர். மொழி கற்ற நாம் அவர்களுக்காக இந்த ஒரு தாளையாவது எழுதிக் கொடுக்கலாமே!