விபத்து சார்ட்டை எங்கிருந்து படிப்பது?

பார்மசி படித்துவிட்டு மெடிக்கல் கோடிங்குக்கு வந்தவர்கள் சென்னையில் ஏராளம். நானும் அப்படி வந்தவள்தான். அமெரிக்க மருத்துவமனைகளின் அவசர சிகிச்சைப் பிரிவு சார்ட்டுகளைப் படித்துக் கோட் போடுவதுதான் பல வருடங்களாக என் வேலை. இப்போது ஆடிட் பார்க்கிறேன். புதிதாகச் சேரும் பிள்ளைகள் கையில் சாலை விபத்து சார்ட் வரும்போதெல்லாம் நான் சொல்வது ஒன்றுதான். கடைசியில் நோய் நிர்ணயம் எழுதியிருக்கும் இம்ப்ரெஷனுக்குத் தாவாதீர்கள், என்ன நடந்தது என்று டாக்டர் எழுதியிருக்கும் எச்பிஐயிலிருந்து படியுங்கள். காய்ச்சல், தொண்டைவலி என்றால் இம்ப்ரெஷனை வைத்தே ஓரளவு சமாளித்துவிடலாம். விபத்தில் அது நடக்காது. அடிபட்டவர் வண்டியை ஓட்டினாரா, பக்கத்தில் உட்கார்ந்திருந்தாரா, எதில் மோதினார், மயங்கினாரா, எந்த இடத்தில் நடந்தது என்பதெல்லாம் அந்த நாலைந்து வரியில்தான் இருக்கும்.

படிக்கும்போது வண்டியை அமெரிக்க ரோட்டில் ஓட விடுங்கள். அங்கே ஸ்டியரிங் இடதுபக்கம். டிரைவர் பக்கக் கதவில் இன்னொரு கார் வந்து இடித்தால் இடது தோள், இடது விலா, இடது இடுப்புதான் முதலில் அடி வாங்கும். டிரைவரின் சீட் பெல்ட் இடது தோளில் தொடங்கி வலது இடுப்புக்கு இறங்கும். நம்ம ஊர்க் காருக்கு நேர் எதிர். ஒரு சார்ட்டில் மேலே ‘டிரைவர்’ என்று இருந்தது, பரிசோதனைப் பகுதியில் பெல்ட் பதிந்த தடம் வலது தோளில் இருந்தது. அவர் பக்கத்து சீட்டில் இருந்தவரா, அல்லது டாக்டர் இடது என்பதற்கு வலது என்று எழுதிவிட்டாரா? இதை நாம் ஊகித்து கோட் போடக்கூடாது, டாக்டருக்குக் குவெரி அனுப்ப வேண்டும். ஆனால் நம்ம ஊர் ரோட்டை மனதில் வைத்துப் படிக்கிறவருக்கு அந்த முரண் கண்ணிலேயே படாது.

விபத்து சார்ட்டுகளில் அதிகம் வருவது கழுத்து. ‘நெக் பெயின்’ என்று மட்டும் எழுதியிருந்தால் ஐசிடி-10-சிஎம் பட்டியலில் கோட் எம்54.2. தசை சம்பந்தப்பட்ட ‘செர்விகல் ஸ்ட்ரெயின்’ என்றால் எஸ்16.1, தசைநார் சம்பந்தப்பட்ட ஸ்ப்ரெயின், விப்லாஷ் என்றால் எஸ்13.4. எஸ் என்று தொடங்குபவை காயங்களுக்கான அத்தியாயம். எம் என்பது எலும்பு, தசை நோய்களுக்கானது, வருடக்கணக்காகக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தவருக்கும் அதே எம்54.2தான். கார் காப்பீட்டுக் கம்பெனிக்கு அது போதும், ‘இது பழைய வலி’ என்று கிளெய்மைத் தள்ளிவிட. டாக்டர் எழுதாத ஸ்ட்ரெயினை நாம் எழுத முடியாது, சரி. ஆனால் இம்ப்ரெஷனில் வலி என்று முடித்துவிட்டு, மேலே சிகிச்சை முடிவை விளக்கும் பத்தியில் ஸ்ட்ரெயின் என்று தெளிவாக எழுதியிருக்கும் சார்ட்டுகளை ஆடிட்டில் அடிக்கடி பார்க்கிறேன். அதைப் படிக்காமல் விட்டால் நஷ்டம் அடிபட்டவருக்கு. தேதியிலும் இதே கவனம் வேண்டும். ஃப்ளோரிடாவில் விபத்து நடந்து 14 நாட்களுக்குள் முதல் சிகிச்சை எடுக்காவிட்டால் பிஐபி எனப்படும் கார் காப்பீட்டில் மருத்துவச் செலவு கிடைக்காது. எடுத்தாலும், அவசர மருத்துவ நிலை என்று டாக்டர் பதிந்திருந்தால்தான் 10,000 டாலர் வரை, இல்லையென்றால் 2,500தான். இப்படிப்பட்ட மாநிலங்களில் விபத்துத் தேதி ஒன்று விடுபட்டாலும் பில் திரும்பி வரும். சிஎம்எஸ்-1500 படிவத்தின் 10பி கட்டத்தில் வாகன விபத்தா, எந்த மாநிலம் என்பதும் 14ஆவது கட்டத்தில் தேதியும் போக வேண்டும். பில்லிங் ஆட்கள் அதை நிரப்பினாலும் தகவல் நாம் படிக்கும் அதே சார்ட்டிலிருந்துதான் வருகிறது.

தலைக்காயத்தில்தான் நான் மிகவும் கண்டிப்பாக இருப்பேன். டிரையாஜ் நர்ஸ் ‘மயக்கம் இல்லை’ என்று எழுதியிருப்பார். டாக்டரின் எச்பிஐயில் ‘ஏர்பேக் வெடித்தது நினைவிருக்கிறது, அடுத்து ஆம்புலன்ஸில்தான் நினைவு வந்தது’ என்றிருக்கும். சிடி ஸ்கேன் நார்மல். இம்ப்ரெஷனில் ‘ஹெட் இஞ்சுரி’ என்று மட்டும். இதை அப்படியே எடுத்தால் எஸ்09.90, அதாவது குறிப்பிடப்படாத தலைக்காயம். கன்கஷன் என்று டாக்டர் எழுதியிருந்தால் எஸ்06.0, அதற்குள்ளேயே மயக்கம் இல்லை, 30 நிமிடத்துக்குள், எவ்வளவு நேரம் என்று தெரியாது எனத் தனித்தனி கோடுகள். மயங்கினாரா என்பதே தெரியாத நிலைக்கு 2022 அக்டோபரில் தனிக் கோடு வந்தது. ஆறு வாரம் கழித்துத் தலைவலி, மறதி என்று அந்த மனிதர் நரம்பியல் மருத்துவரிடம் போகும்போது காப்பீட்டுக் கம்பெனி முதலில் புரட்டுவது இந்த முதல் நாள் சார்ட்டைத்தான். எனவே நர்ஸும் டாக்டரும் முரண்படும் இடத்தில் கேள்வி அனுப்பியே ஆக வேண்டும். ‘கன்கஷன் என்று எழுதித் தருவீர்களா?’ என்று கேட்கக்கூடாது, அது பதிலை நாமே வாயில் ஊட்டுவது. சார்ட்டில் உள்ள இரண்டு வரிகளையும் எடுத்துக்காட்டி, நோய் நிர்ணயத்தைத் தெளிவுபடுத்தும்படி கேட்டால் போதும். ‘கன்கஷன் இருக்கலாம்’ என்று பதில் வந்தால் வெளிநோயாளி சார்ட்டில் அதையும் கோட் செய்ய முடியாது. நினைவு நிலையை அளக்கும் கோமா ஸ்கேலை டாக்டரே பதிந்திருக்க வேண்டியதில்லை. ஆம்புலன்ஸ் பணியாளர் பதிந்த மதிப்பெண்ணையும் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் தலைக்காய நோய் நிர்ணயம் டாக்டருடையதாக இருக்க வேண்டும்.

காயக் கோடின் ஏழாவது எழுத்தில் இன்னமும் குழப்பம் தீரவில்லை, ஐசிடி-10-சிஎம் 2015 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருந்தும். ‘ஏ’ என்றால் முதல் முறை வந்தவர், ‘டி’ என்றால் மறுமுறை வந்தவர் என்று மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். பார்க்க வேண்டியது எத்தனையாவது வருகை என்பதை அல்ல, ஆக்டிவ் ட்ரீட்மென்ட், அதாவது காயத்துக்கான நேரடிச் சிகிச்சை, நடக்கிறதா என்பதை. அவசரப் பிரிவில் ஸ்ப்ளிண்ட் கட்டி அனுப்பியவருக்கு நாலு நாள் கழித்து எலும்பு மருத்துவர் அறுவை செய்தால் அங்கேயும் ஏதான். ஆறிவரும் எலும்பை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து மாவுக்கட்டு மாற்றினால் டி. புது டாக்டர், புது மருத்துவமனை என்பதால் டி மறுபடி ஏ ஆகிவிடாது.

எலும்பு முறிவில் திறந்ததா மூடியதா என்று எழுதாவிட்டால் மூடியது, விலகியதா இல்லையா என்று எழுதாவிட்டால் விலகியது; விதிமுறையே அப்படி. முறிவு உள்ள அதே இடத்துச் சிராய்ப்பைத் தனியாகப் போட வேண்டாம். எந்தக் காயமும் இல்லாமல், விபத்துக்குப் பிறகு பரிசோதிக்க மட்டும் குழந்தையைக் கூட்டி வந்திருந்தால் இசட்04.1 போடுங்கள், எதையாவது போட வேண்டுமே என்று வலிக் கோடு தேடாதீர்கள்.

விபத்து எப்படி நடந்தது என்று சொல்லும் வி கோடுகளைப் பலர் தேவையில்லாத வேலையாக நினைக்கிறார்கள். எல்லா இடத்திலும் கட்டாயமில்லை என்பது உண்மை, மாநிலமோ காப்பீட்டுக் கம்பெனியோ கேட்டால்தான் கட்டாயம். ஆனால் எந்த வகை மோதலில் யாருக்கு அடிபடுகிறது என்று ஆராய்கிறவர்களுக்கு இவைதான் தரவு, அதனால் தகவல் இருந்தால் போடச் சொல்வேன். காரும் காரும் பொதுச்சாலையில் மோதி டிரைவருக்கு அடிபட்டால் வி43.52, அதே மோதல் ஷாப்பிங் மால் பார்க்கிங்கில் நடந்தால் அது போக்குவரத்து விபத்தாகாது, வி43.02. இடத்தைச் சொல்லும் ஒய்92 கோடு முதல் சிகிச்சையின்போது ஒரே ஒரு தடவைதான். வி கோடு சிகிச்சை தொடரும்வரை வரும், காயக் கோடின் ஏழாவது எழுத்து மாறும்போது இதன் எழுத்தையும் மாற்றிவிடுங்கள். இரண்டும் முதன்மைக் கோடாக ஒருபோதும் வராது.