முதலில் தண்ணீருக்கு வைத்தியம்

சென்னை கொளத்தூரில் வண்ண மீன் வாங்கி, வேலூர் வழியாகவோ போளூர் வழியாகவோ மலைப்பாதை ஏறி ஜமுனாமரத்தூருக்குக் கொண்டுவருபவர் ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கையில் ஆக்சிஜன் அடைத்த பாலிதீன் பை. பைக்குள் கோல்டு ஃபிஷ், மோலி, கப்பி, கண்ணாடியைச் சுத்தம் செய்யும் என்று கடைக்காரர் சேர்த்துக் கொடுத்த ஒரு சக்கர் மீன். வீட்டில் இரண்டடித் தொட்டி. அத்தனையும் அதற்குள் போகின்றன. நான்கைந்து நாளில் ஒரு மீன் மூலையில் ஒதுங்குகிறது. மறுநாள் அதன் உடம்பில் ரவை தூவியது போல வெள்ளைப் புள்ளிகள்.

உடனே கை தேடுவது நீல மருந்துப் பாட்டிலை. அங்கேதான் பலருக்கும் தப்பு நேர்கிறது. நெரிசலான தொட்டியில் புள்ளி பின்னால் வருவது. முன்னால் கெட்டது தண்ணீர். அதைத் திருத்தாமல் ஊற்றும் மருந்து ஏற்கெனவே மூச்சுத் திணறும் மீனுக்கு இன்னொரு பாரம்.

மீன் தன் கழிவின் பெரும்பகுதியைச் செவுள் வழியாக அம்மோனியாவாக வெளியேற்றுகிறது. மிச்சத் தீவனம் அழுகும்போதும் அம்மோனியா வரும். ஃபில்டரில் குடியேறும் பாக்டீரியாக்கள் அதை முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவாகத் தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றும். புதுத் தொட்டியில் இவை போதிய அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதற்குள் மீன்களைக் கொட்டிவிட்டால் அம்மோனியா செவுளை அரிக்கும், மேலே பூசியிருக்கும் வழவழப்பு குலையும். ஒட்டுண்ணிக்கு அப்புறம் தடையே இல்லை.

மலையில் இன்னும் இரண்டு சிக்கல்கள் சேர்கின்றன. இதே மலையில் வானாய்வகம் இருக்கும் காவலூர் கடல் மட்டத்திலிருந்து 725 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் காற்றழுத்தம் குறைவதால், ஒரே வெப்பநிலையில் தண்ணீரில் கரையும் ஆக்சிஜன் சமவெளியைவிட ஏறக்குறைய 8 சதவீதம் குறைகிறது. குளிர்ந்த நீரில் ஆக்சிஜன் கூடுதலாகக் கரையும் என்பதால் இது ஓரளவு ஈடாகும். ஆனால் ஹீட்டர் போட்டதும் அந்தச் சலுகை போய்விடும். அடுத்தது இரவுக் குளிர். ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக 6.5 டிகிரி குறையும். மார்கழி, தை மாதங்களில் பகலுக்கும் இரவுக்கும் இடையே தொட்டி நீரின் சூடு ஏறி இறங்கினால், வெப்பமண்டல மீன்களின் எதிர்ப்புச் சக்தி சரியும். வெள்ளைப்புள்ளி நோய் கிளம்புவது பெரும்பாலும் அப்போதுதான்.

முதல் வேலை, பார்ப்பது. விடியற்காலையில், விளக்குப் போடுமுன் பார்க்க வேண்டும். எல்லா மீன்களும் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடினால் ஆக்சிஜன் குறைவு, அல்லது அம்மோனியா. ஒன்றிரண்டு மட்டும் கல்லில் உடம்பை உரசினால் ஒட்டுண்ணி. துடுப்பின் ஓரம் வெளுத்துக் கிழிந்திருந்தால் துடுப்பு அழுகல். உடம்பில் நூல் போலப் புழு தொங்கினால் நங்கூரப் புழு; அதற்கு உப்பு போதாது, தனி மருந்து வேண்டும். வயிறு உப்பி, செதில்கள் விறைத்து நின்றால் உள்ளுறுப்பு பழுதாகிவிட்டது. அந்த மீன் பிழைப்பது அரிது, தனியே எடுத்துவிடுவது நல்லது.

இரண்டாவது, தீவனத்தை நிறுத்துவது. வளர்ந்த மீன் இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் ஒன்றும் ஆகாது. கூடவே ஏர் மோட்டாரை இரவு பகலாக ஓடவிட வேண்டும். மலையில் மழைக்காற்றுக்கு மின்சாரம் போகும் வீடுகளில் பேட்டரியில் ஓடும் சிறு மோட்டார் ஒன்று கைவசம் இருக்கட்டும். அதுவும் இல்லாதபோது, ஒரு குவளையால் தொட்டி நீரையே மொண்டு அரையடி உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருந்தால் கொஞ்ச நேரம் தாங்கும்.

மூன்றாவது, தண்ணீர் மாற்றுவது. கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதைத்தான் வைக்க வேண்டும். ஒரேயடியாக முழுத் தண்ணீரையும் மாற்றக் கூடாது. நாள்பட்ட நெரிசல் தொட்டியில் நீர் மெல்ல அமிலத்தன்மை அடைந்திருக்கும். அமில நீரில் அம்மோனியா நச்சுத்தன்மை குறைந்த வடிவில் அடங்கியிருக்கும். புது நீரை மொத்தமாகக் கொட்டினால் அமிலம் குறைந்து, அடங்கியிருந்தது ஒரே நேரத்தில் நஞ்சாகும். மீன்கள் சில மணி நேரத்திலேயே சாகும். ஆகவே நாளுக்குக் கால்பங்கு, நான்கைந்து நாள். அடிமண்ணில் படிந்த கழிவைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்துக்கொண்டே மாற்ற வேண்டும். ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில் கழுவினால் பாக்டீரியா செத்துப்போகும். வெளியே எடுத்த தொட்டி நீரிலேயே மெல்லப் பிழிந்தால் போதும். தண்ணீரை இறக்குமுன் ஹீட்டரைப் பிடுங்கிவிட வேண்டும்.

குளோரின் கலந்த பஞ்சாயத்துக் குழாய் நீர் என்றால் வாளியில் ஒரு நாள் திறந்து வைக்கலாம், அல்லது கடையில் ஆன்டி குளோரின் என்று விற்கும் சோடியம் தயோசல்பேட்டைப் போடலாம். ஆழ்குழாய் நீரில் ஆக்சிஜன் குறைவாக இருக்கும். அதற்கும் ஓர் இரவு காற்று கொடுக்க வேண்டும். மலையில் இரவெல்லாம் நின்ற வாளித் தண்ணீர் காலையில் சில்லிட்டிருக்கும். அதை அப்படியே ஊற்றாமல், வெந்நீர் கலந்து, வெப்பமானி தொட்டியிலும் வாளியிலும் ஒரே அளவு காட்டிய பிறகே ஊற்ற வேண்டும்.

இதற்குப் பிறகுதான் மருந்து. முதல் மருந்து கல் உப்பு. அளவு தெரிய வேண்டுமே: நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் லிட்டர். 60, 30, 30 என்றால் 54 லிட்டர். மண்ணும் மேல் இடைவெளியும் போக 45 என்று கொள்ளலாம். லிட்டருக்கு ஒரு கிராம் வீதம் 45 கிராம் உப்பைத் தனியே கரைத்து ஊற்றி, மீன் தாங்கினால் ஒன்றரை நாளுக்குள் படிப்படியாக லிட்டருக்கு 3 கிராம் வரை ஏற்றலாம். நைட்ரைட் ரத்தத்தில் ஏறுவதை உப்பிலுள்ள குளோரைடு தடுக்கும் என்பது கூடுதல் நன்மை. உப்பு ஆவியாகாது, வற்றிய அளவுக்கு நீர் சேர்க்கும்போது மறுபடி உப்புப் போடக் கூடாது. சக்கர், லோச், கோரிடோராஸ் போன்ற அடிமட்ட மீன்களுக்கும் செடிகளுக்கும் உப்பு ஒத்துக்கொள்ளாது. அவற்றை முதலிலேயே பிரித்துவிட வேண்டும்.

வெள்ளைப்புள்ளிக்குச் சூடும் தேவை. புள்ளிக்குள் ஒளிந்திருக்கும் ஒட்டுண்ணியை எந்த மருந்தும் தொடாது. அது மீனைவிட்டு விழுந்து, பெருகி, குஞ்சுகளாக நீந்தும் நேரத்தில்தான் சாகும். 26 டிகிரியில் இந்தச் சுழற்சி ஒரு வாரத்துக்குள் முடியும். 15 டிகிரியில் வாரக்கணக்கில் இழுக்கும். எனவே லிட்டருக்கு ஒரு வாட் கணக்கில் ஹீட்டர் வைத்து, நாளுக்கு ஒரு டிகிரியாக ஏற்றி, 28 டிகிரியில் நிறுத்தலாம். கடைசிப் புள்ளி மறைந்த பின்னும் ஒரு வாரம் தொடர வேண்டும். பாதியில் விட்டவர்களின் தொட்டியில்தான் அது திரும்பி வருகிறது.

மெத்திலீன் ப்ளூ ஃபில்டர் பாக்டீரியாவையும் கொல்லும். அதைத் தனியான மருத்துவத் தொட்டியில் மட்டும் பயன்படுத்தலாம். ஒரு பிளாஸ்டிக் தொட்டி, ஏர் ஸ்டோன், ஹீட்டர் இருந்தால் போதும். மருந்துக் கடை டெட்ராசைக்கிளின் மாத்திரையைப் பொடித்துப் போடும் பழக்கம் வேண்டவே வேண்டாம். கையில் வெட்டுக்காயம் இருந்தால் உறை போடாமல் தொட்டிக்குள் கைவிடக் கூடாது. மீன்களிடமிருந்து மனிதத் தோலுக்குத் தொற்றும் மைக்கோபாக்டீரியம் வகை ஒன்று உண்டு.

இவ்வளவும் மறுபடி வராதிருக்க எண்ணிக்கை குறைய வேண்டும். சிறு மீன்களுக்கு ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்கு 2 லிட்டர் என்ற கணக்கில், 45 லிட்டரில் 3 சென்டிமீட்டர் கப்பி ஏழு வைக்கலாம். கோல்டு ஃபிஷ்ஷுக்கு இந்தக் கணக்கு உதவாது. அது 15 சென்டிமீட்டரைத் தாண்டி வளரும், கழிவும் அதிகம். இரண்டடித் தொட்டி அதன் குஞ்சுப் பருவத்துக்கு மட்டுமே போதும். சக்கர் ஓரடிக்கு மேல் வளரும். வீட்டுத் தொட்டிக்கு அதை வாங்காமலிருப்பதே சரி.

புது மீனைத் தனித் தொட்டியில் இரண்டு முதல் நான்கு வாரம் வைத்துப் பார்க்க வேண்டும். கொளத்தூரிலிருந்து மணிக்கணக்கில் பயணம் செய்த பை வேறு விதமான கவனம் கேட்கிறது. மூடிய பையில் கரியமில வாயு நிறைந்திருப்பதால் அம்மோனியா அடங்கிக் கிடக்கும். திறந்ததும் அந்த வாயு வெளியேற, அம்மோனியா நஞ்சாகும். கட்டைப் பிரிக்காமல் பதினைந்து இருபது நிமிடம் தொட்டியில் மிதக்கவிட்டுச் சூட்டைச் சமப்படுத்தி, பிரித்தவுடன் மீனை மட்டும் வலையில் எடுத்து விட வேண்டும். பைத் தண்ணீர் சாக்கடைக்கு.

மிஞ்சிய மீன்களை என்ன செய்வது? கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்வாரா என்று கேட்கலாம், பெரிய தொட்டியோ சிமெண்ட் தொட்டியோ வைத்திருப்பவருக்குக் கொடுக்கலாம். ஓடையில் மட்டும் விடக் கூடாது. செய்யாறு பிறப்பது இந்த மலையில். தமிழகத்து நீர்நிலைகளில் தொட்டியிலிருந்து தப்பிய சக்கர் மீன் பெருகி, நாட்டு மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது; வலையில் மாட்டினால் அதன் முள் வலையைக் கிழிக்கிறது. இறந்த மீனையும் மருந்து கலந்த நீரையும்கூட ஓடைப் பக்கம் கொண்டுபோகாமல், மீனைக் கிணற்றுக்கும் ஓடைக்கும் எட்டத்தில் ஆழமாகப் புதைத்து, நீரைக் காய்ந்த மண்ணில் கொட்ட வேண்டும். வலை, வாளி, குழாய் எல்லாவற்றையும் கழுவி, வெயிலில் நன்றாகக் காயவைத்த பிறகே அடுத்த தொட்டிக்கு எடுக்க வேண்டும்.