விண்டோஸ் கணிப்பொறியில் சிதைந்த அமைப்புக் கோப்புகளைச் செப்பனிடுதல்

கணிப்பொறியின் திரை நீலமாகி நின்றுவிடுவதும், 'இன்ன டிஎல்எல் கோப்பைக் காணவில்லை' என்னும் அறிவிப்புத் தோன்றுவதும் களப்பணியாளரும் ஆசிரியரும் அறிந்த தொல்லைகளே. உடனே விண்டோஸ் முழுவதையும் அழித்துப் புதிதாக நிறுவ முற்படுவோர் பலர். அதனால் மதிப்பெண் பட்டியல்களும் அளவைக் குறிப்புகளும் அழிந்துபோகக்கூடும். பல சமயங்களில் அவ்வளவு தூரம் செல்ல வேண்டுவதில்லை.

விண்டோஸ் தன் கோப்புகளை 'வின்எஸ்எக்ஸ்எஸ்' என்னும் களஞ்சியத்தில் வைத்துக் காக்கின்றது. மின்சாரம் திடீரென நிற்றல், புதுப்பிப்பு இடையில் தடைப்படுதல், வன்தட்டின் பழுது ஆகியவற்றால் ஒரு கோப்புச் சிதையுமாயின், அங்கிருந்து நல்ல படியைப் பெறலாம். ஆயின் இங்கு ஒரு நுட்பம் உண்டு. பயன்பாட்டிலுள்ள கோப்பும் களஞ்சியக் கோப்பும் பெரும்பாலும் இரு தனிப் படிகள் அல்ல; ஒரே கோப்பிற்கு வழங்கும் இரு பெயர்களே. ஒன்று கெட்டால் மற்றதும் கெட்டதாகும். ஆகையால் களஞ்சியத்தை முதலிற் செப்பனிடுதலே முறை.

பதிவேடுகளை வேறொரு வட்டிற் படியெடுத்துக்கொண்டு, 'சிஎம்டி' சாளரத்தை நிர்வாகி உரிமையுடன் திறக்க. 'டிஐஎஸ்எம் /ஆன்லைன் /கிளீனப்-இமேஜ் /ரெஸ்டோர்ஹெல்த்' என்று கட்டளையிடுக. இது விண்டோஸ் 8 முதல் உள்ள வசதி. இதில் வரும் 'ஆன்லைன்' என்ற சொல் இணையத்தைச் சுட்டுவதன்று. இயங்கிக்கொண்டிருக்கும் விண்டோஸையே சுட்டும். எனினும் நல்ல படிகள் விண்டோஸ் அப்டேட் வழியாகவே வருவதால் இணைய இணைப்பும் தேவை. இணைப்பில்லாத ஊர்களில் அதே பதிப்பின் நிறுவல் வட்டை மூலமாகக் காட்டலாம். விழுக்காட்டு எண் நெடுநேரம் அசையாது நிற்பதுண்டு. பொறுமையிழந்து கணிப்பொறியை நிறுத்தலாகாது.

அடுத்து 'எஸ்எஃப்சி /ஸ்கேன்நவ்' என்பது. இக்கட்டளை காக்கப்பட்ட கோப்புகள் அனைத்தையும் சோதித்து, பழுதானவற்றை மாற்றி வைக்கும். சிலவற்றைச் சீராக்க இயலவில்லை எனக் கூறுமாயின், மறுபடியும் இயக்கிப் பார்க்க. விவரம் 'சிபிஎஸ்.லாக்' என்னும் பதிவிற் காணப்படும். பழுது மீண்டும் மீண்டும் தோன்றினால் வன்தட்டையே ஐயுறல் வேண்டும். 'செக்டிஸ்க்' கொண்டு ஆராய்க. காணாமற்போன டிஎல்எல் கோப்பை ஏதோ ஓர் இணையதளத்திலிருந்து இறக்கி வைத்தல் மிகத் தீய பழக்கம். நச்சு நிரல் நுழைவதற்கு அதைவிட எளிய வாயில் இராது.

பிற நிறுவனத்தார் கோப்புகள் இச்சோதனைக்கு உட்படா. 2024 ஜூலை 19 அன்று ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணிப்பொறிகள் நின்றபோது, பழுதுற்ற கோப்பு கிரவுட்ஸ்டிரைக் என்னும் காப்பு மென்பொருளுக்கு உரியது. பல கணிப்பொறிகளைப் பாதுகாப்பு நிலையில் தொடங்கி, அக்கோப்பைக் கையாலேயே நீக்க நேர்ந்தது.