தாழ்ந்த சுருதியும் உயர்ந்த இசையும்

விருதுநகர்ப் பங்குனிப் பொங்கலன்று, பாண்டு வாத்தியக் குழுவின் பெரிய பித்தளைக் குழல் நெஞ்சை அதிரச் செய்தது. பக்கத்தில் நின்ற என் பாட்டனார், "நம் நாயனமும் ஒரு காலத்தில் இப்படிச் சுருதி இறங்கியதுதான்" என்றார். அவர் சிற்றூர்க் கோயிலில் திமிரி வாசித்தவர். அச்சொல்லே இக்கட்டுரைக்கு வித்து.

குழல் நீளுந்தோறும் சுருதி தாழும். ஆனால் நீண்ட குழலின் துளைகளை விரல் எட்டாது. ஜெர்மானியர் துளைகளுக்குப் பதிலாக வால்வுகளைப் பொருத்தினர். 1835இல் பெர்லினில் வீப்ரெக்ட், மோரிட்ஸ் என்னும் இருவர் டூபாவுக்குக் காப்புரிமை பெற்றனர். பின்னர் வாக்னரின் இசையில் அது அடித்தளமாயிற்று.

நம்மவர் வால்வை நாடவில்லை. திருவாவடுதுறை டி. என். இராஜரத்தினம் பிள்ளை (1898–1956), நரசிங்கம்பேட்டை ரங்கநாத ஆசாரியின் கைத்திறத்தால் குழலையே நீட்டச் செய்தார். நான்கு கட்டைக்கு மேல் ஒலித்த திமிரியின் இடத்தில், இரண்டு, இரண்டரைக் கட்டைப் பாரி நாயனம் வந்தது. சுத்த மத்திமமும் செம்மையாகப் பேசிற்று. கோவில்பட்டியில் வாழ்ந்த காருகுறிச்சி அருணாசலம் (1921–1964) அதில் பெரும்புகழ் எய்தினார்.

அப்படியாயின் திமிரி குறைந்ததா? அன்று! ஒலிபெருக்கி இல்லாத நாளில் ஊர் முழுதும் கேட்க வேண்டிய வீதியுலா வாத்தியம் அது. பாரியோ நீண்ட மூச்சும் கச்சேரி மேடையும் வேண்டுவது.

இன்று எங்கள் ஊர்க் கோயிலில் மின்சார மேளம் ஒலிக்கிறது; பாட்டனாரின் திமிரி பரணில் கிடக்கிறது. நண்பர்களே, வரும் விடுமுறையில் அதற்குப் புதிய சீவாளி வாங்கித்தர எண்ணியுள்ளேன்.