ஜாகா வேலை சும்மாவா?

தம்பி தங்கைகளே, கொண்டோ வாசல், பள்ளிக்கூடம், வங்கி என்று எங்கே போனாலும் பாதுகாவலர் ஒருவர் இருப்பார். "சும்மா உட்கார்ந்து சம்பளம் வாங்குற வேலைதானே?" என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். தோட்டத்தை விட்டுப் பட்டணம் வந்த என் பெரியப்பா பல ஆண்டுகள் ஜாகா வேலை பார்த்தவர். அவர் சும்மா இருந்து நான் பார்த்ததில்லை.

வேலை என்ன?
வருபவரின் பெயர், வண்டி எண், நேரம் எழுத வேண்டும். குறித்த நேரத்தில் ரோந்து போக வேண்டும். பூட்டு, விளக்கு, தீயணைப்புக் கருவி சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். "கம்பு அடிக்கிறதுக்கு இல்லடா, கண்ணும் பேனாவும்தான் முக்கியம்" என்பார் பெரியப்பா.

அதிகாரம் எவ்வளவு?
1971-ஆம் ஆண்டுத் தனியார் முகவாண்மைச் சட்டப்படி, உள்துறை அமைச்சின் உரிமம் பெற்ற நிறுவனமே காவலர் சேவையை நடத்தலாம். ஆனால் காவலர் போலீஸ் அல்ல. கண்ணெதிரே கடும் குற்றம் நடந்தால் ஆளைப் பிடிக்கலாம். தாமதிக்காமல் போலீசிடம் ஒப்படைக்க வேண்டும். உங்கள் மைகார்டை வாங்கி வைத்துக்கொள்ள அவருக்கு உரிமை இல்லை. அப்படிக் கேட்டால் பணிவாக எடுத்துச் சொல்லுங்கள், கத்தாதீர்கள். அந்த உத்தரவு பெரும்பாலும் நிர்வாகம் போட்டது.

சம்பளம்?
எஸ்.பி.எம். முடித்து இந்த வேலைக்குப் போகிறவர்கள் கவனியுங்கள். 12 மணி நேர ஷிப்ட் இங்கே சகஜம். ஆனால் சட்டப்படி சாதாரண வேலை நேரம் வாரத்துக்கு 45 மணிதான். 2025 முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். அதை 26 நாளால் வகுத்தால் ஒரு நாளைக்கு 65.38. 8 மணி நேர வேலை என்றால் மணிக்கு 8.17. ஓவர்டைமுக்கு ஒன்றரை மடங்கு, அதாவது மணிக்கு 12.26 ரிங்கிட். "12 மணி நேரத்துக்கும் சேர்த்துத்தான் 1,700" என்று யாராவது சொன்னால் ஏமாறாதீர்கள். சம்பளச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். வேலை செய்த நேரத்தை நீங்களும் குறித்து வையுங்கள். பிரச்சினை தீராவிட்டால் தொழிலாளர் இலாகாவில் புகார் செய்யலாம். பெரியப்பாவுக்கு இந்தக் கணக்கை யாரும் சொல்லித் தரவில்லை. அவருடைய ஓவர்டைம் பணம் கேட்காமலே போனது.

கோயில் வாசலில் துவாரபாலகரைக் கும்பிட்டுத்தான் உள்ளே போகிறோம். நம் வீட்டு வாசலைக் காப்பவருக்கு ஒரு வணக்கமாவது சொல்கிறோமா?

செய்து பாருங்கள்: அடுத்த கூட்டத்துக்குள், உங்கள் பகுதிக் காவலர் ஒருவரிடம் பேசுங்கள். பெயரைக் கேளுங்கள். எத்தனை மணி நேர வேலை, ஓவர்டைம் கிடைக்கிறதா என்று விசாரியுங்கள். கணக்குத் தெரியாதவராக இருந்தால் உட்கார்ந்து போட்டுக் காட்டுங்கள்.