கிராஃபீன் அடுக்குகள் ஒளியை உட்கவரும் விதம்

பென்சில் கரியிலுள்ள கிராஃபைட், அறுகோணக் கண்ணிகளாகப் பின்னப்பட்ட கார்பன் தாள்களின் அடுக்கு ஆகும். அத்தாள்களுள் ஒன்றே கிராஃபீன். மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஆந்த்ரே கெய்மும் கான்ஸ்டான்டின் நோவோசெலோவும் 2004-ல் சாதாரண ஒட்டுநாடாவைக் கொண்டே அதனைப் பிரித்தெடுத்தனர். 2010-ல் இயற்பியல் நோபல் பரிசு பெற்றனர்.

ஓர் அணுப் பருமனே உடைய இத்தாள், தன்மீது விழும் ஒளியில் 2.3 விழுக்காட்டை உட்கவர்வதாக 2008-ல் அளந்தறியப்பட்டது. கண்ணுக்குப் புலனாகும் ஒளியில் இவ்வளவு நிறத்திற்கு நிறம் பெரிதும் வேறுபடுவதில்லை. தாளின் மென்மையை எண்ணினால் இது வியப்பளிக்கும் அளவே. ஆயினும் ஒளியுணர் கருவி செய்வோர்க்கு, எஞ்சிய 97.7 விழுக்காடு வீணாவதே கவலை.

தாள்களை அடுக்கலாம். எளிய கணக்கின்படி 30 தாள்கள் பாதி ஒளியை உட்கவரும். அவற்றின் மொத்தப் பருமன் 10 நானோமீட்டர்தான். ஆனால் எவ்வாறு அடுக்குவது என்பதில்தான் புதுமை இருக்கிறது. இரு கொசுவலைத் துணிகளை ஒன்றன்மேல் ஒன்றாக இட்டு, மேலுள்ளதைச் சற்றே திருப்பினால், பெருங்கண்ணிகள் கொண்ட புதியதொரு கோலம் தோன்றும். கிராஃபீன் தாள்களிலும் அவ்வாறே நிகழ்கிறது. திருப்பிய தாள்கள் தத்தம் இயல்பைப் பெரும்பாலும் காத்துக்கொள்கின்றன. எனினும் இரண்டின் எலெக்ட்ரான் ஆற்றல் நிலைகளும் குறுக்கிடுமிடத்தில் அந்நிலைகள் நெருங்கித் திரள்கின்றன. அத்திரளுக்கு ஏற்ற ஆற்றலுடைய ஒளி வரும்போது உட்கவர்தல் கூடுகிறது. ஏறத்தாழ 12 பாகை திருப்பத்தில் அது பச்சை ஒளியாக அமையும். கோணம் குறைந்தால் சிவப்பை நோக்கியும் மிகுந்தால் நீலத்தை நோக்கியும் நகரும். ஆக்சைடு படிந்த சிலிக்கான் தகட்டின்மீது இத்தகைய இரட்டைத் தாள்கள் நுண்நோக்கியில் வண்ணத் திட்டுகளாகவே தெரிகின்றன. சாயம் ஏதுமில்லை, திருப்பமே நிறத்தைத் தருகிறது.

1.1 பாகையில் மின்தடை முற்றும் மறைவதாக 2018-ல் வெளியான முடிவோடு இதனைக் குழப்பிக்கொள்ளலாகாது. அது கடுங்குளிரில் மட்டுமே நிகழ்வது. இது அறை வெப்பநிலையிலேயே காணக்கூடியது.

செய்முறையில்தான் இடர் உள்ளது. செப்புத் தகட்டின்மீது மீத்தேன் வாயுவிலிருந்து வளர்க்கப்படும் அடுக்குகள் பெரும்பாலும் தம் போக்கில் பல கோணங்களில் அமைகின்றன. எல்லா நிறங்களையும் உட்கவர வேண்டிய இடத்தில் இக்கலப்பு பெருங்குறையன்று. குறித்த ஒரு நிறத்தை மட்டும் உணர வேண்டிய கருவிக்கோ கோணம் பிசகாதிருத்தல் இன்றியமையாதது. ஆய்வுத் திட்டங்களுக்கு நிதி ஒதுக்குவோர் இவ்விரு தேவைகளையும் வேறாக மதிப்பிடல் வேண்டும். முன்னதற்கு வளர்ப்புமுறையே போதும், பின்னதற்குத் தாள்களைத் தனித்தனியே எடுத்து, திசை பார்த்துப் பொருத்தும் நுண்கருவிகள் தேவைப்படுகின்றன.