கடன் வாங்கி கூலர் வாங்குமுன் கூரையைப் பார்ப்போம்



போன கோடையில் ஆவடி பக்கம் ஒரு குழுக் கூட்டம். மதியம் இரண்டு மணி, சிமெண்ட் ஷீட் போட்ட வீடு. சேமிப்புப் பணத்தை எண்ணி முடிப்பதற்குள் எல்லோரும் முந்தானையால் விசிற ஆரம்பித்துவிட்டோம். ஒரு உறுப்பினர் சொன்னார்: "அம்பத்தூர் எஸ்டேட்ல நைட் ஷிப்ட் முடிச்சுட்டு வர்றேன் மேடம். பகல்ல படுத்தா ஷீட்டு சூடு மூஞ்சியில அடிக்குது. ஏர்கூலர் வாங்க கடன் குடுங்க." குழுவும் கொடுத்தது. பத்தே நாளில், "உடம்பெல்லாம் பிசுபிசுன்னு இருக்கு" என்று கூலரை ஓரங்கட்டிவிட்டார். தவணை மட்டும் நிற்கவில்லை. அன்று யோசிக்காமல் நாங்களும் தலையாட்டினோம், அதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

கூலர் தண்ணீரை ஆவியாக்கித்தான் காற்றைக் குளிர வைக்கிறது. நம் ஊர் கடலுக்குப் பக்கம். காற்றில் ஏற்கெனவே ஈரம் இருப்பதால் தண்ணீர் சரியாக ஆவியாகாது. ஜன்னலையும் சாத்திவிட்டால் கேட்கவே வேண்டாம்.

அப்படியானால் வெக்கை எங்கிருந்து வருகிறது? மாடி இல்லாத வீட்டில் பெரும்பாலும் தலைக்கு மேலிருந்துதான். காலை முதல் மாலை வரை வெயில் முழுக்க விழும் இடம் கூரை. இதில் ஒரு வித்தியாசம் கவனியுங்கள். ஷீட் மெல்லியது, சீக்கிரம் சூடேறி சீக்கிரம் ஆறிவிடும். அதனால் ஷீட் வீட்டில் பகலில் இருக்க முடியாது. கான்கிரீட் தளம் கனமானது. பகலெல்லாம் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு ராத்திரி நம் மேல் இறக்கும். "வெளியே காத்து வருது, உள்ளே ஃபேன் அனல் அடிக்குது" என்று பூந்தமல்லி சகோதரிகள் சொல்வது இதைத்தான்.

நம் பாட்டன் காலத்துக் கொத்தனார்களுக்கு இது தெரியும். பழைய 'மெட்ராஸ் டெரஸ்' வீடுகளில் மர உத்திரத்தின் மேல் மெல்லிய செங்கலைச் செங்குத்தாக அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லி, சுண்ணாம்பு போட்டு, தட்டோடு பதித்தார்கள். இன்றும் கான்கிரீட் தளத்தின் மேல் சுருக்கி போட்டு தட்டோடு பதிப்பது அதன் தொடர்ச்சிதான். கையில் காசு இல்லை என்று பலரும் முதலில் விட்டுவிடுவது இந்த வேலையைத்தான். தரைக்குப் பளபளா டைல்ஸ் மட்டும் எப்படியோ வந்துவிடுகிறது!

சுருக்கி போட முடியாதவர்கள் தளத்துக்கு வெள்ளை அடிக்கலாம். வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். சுண்ணாம்பை முந்தின நாளே ஊறவைத்து, வடிகட்டி, கொஞ்சம் ஃபெவிகால் கலந்து இரண்டு கோட்டிங் அடிக்க வேண்டும். கண்ணில் பட்டால் ஆபத்து, கவனம். ஐப்பசி, கார்த்திகை மழையில் சுண்ணாம்பு கரையும். அதனால் மாசி, பங்குனியில் மறுபடி அடிக்க வேண்டும். கொஞ்சம் செலவு செய்ய முடிந்தால் இதற்கென்றே விற்கும் வெள்ளை பெயிண்ட் அதிக நாள் நிற்கும்.

இது நம் ஊரில் மட்டும் பேசும் விஷயம் அல்ல. 2010 மே மாத வெயிலில் ஆயிரத்துக்கும் அதிகமான உயிர்களை இழந்த அகமதாபாத், 2013இல் வெப்பத்துக்கென்று தனித் திட்டம் போட்டது. பிறகு குடிசைப் பகுதிக் கூரைகளுக்கு வெள்ளை அடித்தார்கள். அங்கே மகிளா ஹவுசிங் டிரஸ்டில் நம்மைப் போன்ற பெண்களே தெருத்தெருவாகப் போய் இதை விளக்குகிறார்கள். தெலங்கானா அரசு 2023இல் குளிர்கூரைக் கொள்கையே கொண்டுவந்தது.

ஷீட் வீட்டுக்காரர்களுக்குக் கண்டிப்பாகச் சில வார்த்தை. ஷீட் மேல் நேராக ஏறாதீர்கள், உடைந்து விழுந்துவிடுவோம். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைக் காய்ந்த நிலையில் சுரண்டுவது, கம்பி பிரஷ் போடுவது, ஓட்டை போடுவது கூடாது. அந்தத் தூள் நுரையீரலுக்குள் போனால் பல வருஷம் கழித்தும் நோய் வரும். தண்ணீர் விட்டு நனைத்துக் கழுவி, காய்ந்தபின் வெள்ளை அடியுங்கள். உள்பக்கம் தெர்மாகோல் ஒட்டுவது நிறைய வீட்டில் நடக்கிறது. அது சட்டென்று தீப்பிடிக்கும். அடுப்பு, ஒயர் இருக்கும் இடத்தில் வேண்டவே வேண்டாம்.

புதிதாகக் கட்டுபவர்கள் 'எலிப்பொறி கட்டு' பற்றி மேஸ்திரியிடம் கேளுங்கள். செங்கலைச் செங்குத்தாக வைத்து நடுவில் இடைவெளி விட்டுக் கட்டுவது. சூடு குறையும், ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு செங்கல் மிச்சம். கேரளாவில் லாரி பேக்கர் பரப்பிய முறை இது. ஆனால் பழகிய கொத்தனார் வேண்டும். மேற்குச் சுவரில் ஜன்னல் வைத்தால் சன்ஷேடு வையுங்கள்.

ஃபேன் கணக்கும் பார்ப்போம். பழைய ஃபேன் 75 வாட். தினம் 16 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 72 யூனிட். 30 வாட் பிஎல்டிசி ஃபேன் என்றால் சுமார் 29 யூனிட்தான். விலை கூடத்தான். ஆனாலும் கடன் கேட்டால் நாங்கள் இதற்குத்தான் முதலில் கையெழுத்துப் போடுவோம்.

அடுத்த கூட்டத்துக்கு வருமுன் ஒரு வேலை. மதியம் இரண்டு மணிக்கும் இரவு ஒன்பது மணிக்கும் கட்டில் மேலோ ஸ்டூல் மேலோ ஏறி, ஃபேனை நிறுத்திவிட்டு, கூரையின் அடியில் கையை நீட்டிப் பாருங்கள். எந்த நேரம் சூடு அதிகம் என்று குழு நோட்டில் எழுதி வாருங்கள். கூலருக்கு மனு கொடுத்திருப்பவர்கள் கட்டாயம் எழுதி வரவும்.